யார் கழுவிய பிளாஸ்க்?

அத்தியாயம் பதினான்கு

காலிப் பிளாஸ்க்கை முகர்ந்து பார்த்தபடி சமையலறையில் நின்ற மருமகளை அப்படியே நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அவள் அதற்கப்புறம் போய்ப் படுத்தாள். தூங்கவில்லை. கோபம் வந்தால் தூக்கம் வராத ரகம் அவள்.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டில் இப்போது மூன்று பேர். மாமியார், மகன், மருமகள். மகனுக்குப் பார்சல் ஆபீசில் கணக்கு வேலை. மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். கடையில் அவளைப் 'பவர் அக்கா' என்று கூப்பிடுவார்கள். நான்காவதாக ஒருத்தி இருந்தாள். மகனுடைய தங்கை, வீட்டில் எல்லாருக்கும் 'குட்டி'. மருமகள் வந்த வருஷமே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். எங்கே போனாள், ஏன் போனாள் என்று கேட்டால் எல்லாரும் தெரியாது என்பார்கள்.

காரணம் தெரியாவிட்டால் என்ன, பழிக்கு ஒரு ஆள் வேண்டுமே. "வந்தவ வந்தா, இருந்தவ போனா" என்று மாமியார் யாரிடமோ ஒரு தடவை சொன்னாள். அது உறவு முழுக்கச் சுற்றி வந்தது. நாத்தனாரை விரட்டியவள் என்கிற பேர் மருமகளுக்கு நிலைத்துவிட்டது. மூன்று வருஷமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கணவனிடம் எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறாள். "ஊர் வாயை மூட முடியுமா, விடு" என்பான்.

சரி, காப்பிக்கு வருவோம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மகனுக்குச் சிக்கன ஞானம் பிறந்தது. வேலை நேரத்தில் வெளியே காப்பி வாங்கிக் குடித்தே சம்பளம் கரைகிறது, இனி இந்த வீட்டில் யாரும் கடைக் காப்பி குடிக்கக் கூடாது என்று அறிவித்தான். மிச்சம் பிடித்தால் மாடியில் ஒரு அறை கட்டலாம் என்று ஆசையும் காட்டினான். அன்று சாயங்காலமே ஒரு பெரிய பிளாஸ்க் வாங்கி வந்தான். ஒரு ஆளுக்கு இவ்வளவு பெரிசா என்று மருமகள் கேட்டதற்கு, ஆபீஸில் நாள் முழுக்க வைத்துக் குடிக்கலாம் என்றான்.

சிக்கனம் என்றால் இந்த வீட்டில் மகன் சொல்லுவான், மருமகள் செய்வாள். விடியும் முன்னே எழுந்து அந்தப் பிளாஸ்க் நிறையக் காப்பி போடுவது அவள் வேலையாயிற்று. அவளுக்கு? வீட்டிலேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனால் போதாதா என்று விட்டான். போதாது என்று அவள் சொல்லவில்லை. மாடி அறை கண்ணுக்குள் இருந்தது. கடையில் மற்றவர்கள் எதிர்ச்சாரிக்குக் காப்பி குடிக்கப் போகும்போது இவள் மட்டும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் வாரம் கூப்பிட்டார்கள். அப்புறம் கூப்பிடுவதை விட்டார்கள். காப்பியை விட அந்தப் பத்து நிமிஷப் பேச்சு போனதுதான் அவளுக்கு வலித்தது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரே விஷயம். பிளாஸ்க் தினமும் கழுவி வந்தது.

தின்ற தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிற மனுஷன் அவன். குடித்த தண்ணீர் டம்ளரை ஜன்னலில் வைப்பான், கட்டிலுக்கு அடியில் வைப்பான், ஒருநாளும் கழுவும் இடத்தில் வைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் ஆபீஸிலிருந்து பிளாஸ்க்கைப் பளபளவென்று கழுவி, வாடை வராமல் கொண்டு வருகிறான் என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? நேற்று ராத்திரி முகர்ந்தபோது உள்ளே எலுமிச்சை வாசம் அடித்தது.

இன்று காலையில் காப்பி ஊற்றுவதற்காக மூடியைத் திருகினாள். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த சுருண்ட எலுமிச்சைத் தோல் ஒன்று மேடையில் விழுந்தது.

மாமியார் அப்போது பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். சேமிப்பாம் சேமிப்பு, கடையில் மிச்சம் பிடித்துப் பால்காரனுக்குக் கொட்டிக் கொடுக்கிற சேமிப்பு, காப்பித்தூள் டப்பா வாரத்துக்கு ஒருதரம் காலி, இதற்கெல்லாம் வீட்டுக்கு வந்தவள் ராசிதான் காரணம் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது பாட்டு. தோலைப் பார்த்ததும் பாதியில் நின்றது. கிழவி அதை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். உள்ளங்கையில் மூடிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

மருமகள் அதைக் கவனித்தாள். ஆனால் யோசிக்கிற நிலையில் இல்லை. நேராகக் கணவனிடம் போனாள். அவன் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"பிளாஸ்க்கை யாரு கழுவுறா?"

"நான்தான். குழாய் இருந்துச்சு, கழுவினேன். அது ஒரு தப்பா?"

"எலுமிச்சம்பழம் எங்க வாங்கினீங்க?"

அவன் ஒரு பித்தானை மாற்றிப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். "காப்பி ஆறிடும். ஊத்திக் கொடு" என்றான்.

ஊற்றிக் கொடுத்தாள். வேகமாக ஊற்றியதில் கொஞ்சம் விரலில் பட்டுச் சுட்டது. சுட்டதைக் கூட அவள் அவன் கணக்கில்தான் சேர்த்தாள்.

கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு உலகம் மறந்துவிடும். சின்ன அறை. ஒரு பக்கம் தட்டுத் தட்டாகக் கண்ணாடிச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் டாக்டர் எழுதிக் கொடுத்த பவர் சீட்டு. மெஷின் சுற்றச் சுற்றத் தண்ணீர் பீச்சும், வெள்ளை வெள்ளையாக மாவு வழியும். லென்ஸின் ஓரம் சட்டத்தின் வடிவத்துக்குச் சரியாக வந்து உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அவள் இந்த வேலையில் இருக்கிறாள் என்று கூடச் சொல்லலாம்.

இன்று அந்தச் சத்தம் வரவில்லை. இரண்டு தடவை அழுத்தினாள். லென்ஸ் உட்காரவில்லை. சீட்டைப் பார்த்தாள். இடது கண் லென்ஸை வலது கண் வடிவத்தில் தேய்த்து வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட அவள் செய்யாத பிழை. தேய்த்த லென்ஸை வளர்க்க முடியாது. குப்பையில்தான் போட வேண்டும், காசு சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். இத்தனை நாள் காப்பி குடிக்காமல் தலைவலியோடு உட்கார்ந்து அவள் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு லென்ஸில் போயிற்று.

கல்லாவில் உட்காரும் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். கல்லா அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. விஷயத்தைக் கேட்டாள். பிளாஸ்க், தோல், பித்தான் எல்லாவற்றையும் மருமகள் கொட்டினாள்.

கல்லா அக்கா சிரிக்கத்தான் பார்த்தாள். தன் வீட்டுக்காரர் ஒருநாள் கரண்டி கழுவினால் உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன் என்றாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"எந்த ஆம்பளையும் பிளாஸ்க்குக்குள்ள எலுமிச்சைத் தோல் போடமாட்டான். போய்ப் பாத்துட்டு வந்துடு. பாக்காம மனசுக்குள்ள வச்சிருந்தா இன்னும் நாலு லென்ஸ் போகும்" என்றாள்.

மருமகள் எழுந்து கையைக் கழுவினாள். முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். தலைவலி பொய்யும் இல்லை.

பார்சல் ஆபீஸுக்கு அவள் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. வர வேண்டாம் என்று அவன்தான் சொல்லியிருந்தான், மூட்டை தூக்குகிறவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள் என்று. அப்படி யாரும் ஒன்றும் பேசவில்லை. முன்னால் பெரிய தராசு, அதன் மேல் எடைக்கு ஏற்றி வைத்த ஒரு மர அலமாரி. டேப் ஒட்டுகிற சரட் சரட் சத்தம். மூட்டைகளின் மேல் மையில் எழுதிய முகவரிகள். எடை போடுகிற ஆள் நிமிர்ந்து பார்த்தார். பேர் சொல்லிக் கேட்டதும் மரியாதையாகப் பின்பக்கம் கை காட்டினார்.

"பின்னாடி போங்கம்மா. அண்ணனும் தங்கச்சியும் காப்பி குடிக்கிற நேரம்."

தங்கச்சி.

எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லைப் போல ஏமாற்றுகிற சொல் வேறு கிடையாது. கூட வேலை செய்கிறவள் தங்கச்சி, பஸ்ஸில் இடம் கொடுத்தவள் தங்கச்சி, பக்கத்துக் கடைக்காரி தங்கச்சி. வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. தங்கச்சியாம் தங்கச்சி என்று மருமகள் பல்லைக் கடித்தாள். தான் விடியுமுன் எழுந்து போட்ட காப்பியை எவளோ ஒரு தங்கச்சி ஊதி ஊதிக் குடிக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது. என்ன பேசுவது என்று எல்லாவற்றையும் வரிசையாகத் தயார் செய்துகொண்டே மூட்டைகளுக்கு நடுவில் நடந்தாள்.

பின்பக்கம் லாரி வந்து நிற்கிற முற்றம். ஓரத்தில் ஒரு குழாய். குழாயடியில் குனிந்து ஒரு பெண் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் திண்டில் பாதி எலுமிச்சம்பழம்.

அவள் நிமிர்ந்தாள். மருமகள் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எல்லாம் அங்கேயே நின்றது.

எடை போடுகிற ஆள் சொன்னது உண்மை. தங்கச்சியேதான். குட்டி.

மூன்று வருஷத்தில் இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயமோ வெட்கமோ வரவில்லை. கோபம் வந்தது.

"இங்கயும் வந்துட்டீங்களா அண்ணி? இங்கயும் நான் இருக்கக் கூடாதா?"

மருமகளுக்குப் புரியவில்லை. "இங்கயும்னா? வேற எங்க இருக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன்?"

"வீட்டுலதான். மறந்துட்டீங்களா? அண்ணன் என்கிட்ட நேரா சொன்னாரு. 'வேலையும் இல்லாம நீ இங்க உக்காந்திருக்கிறது உங்க அண்ணிக்குப் பிடிக்கல. நீயா போயிட்டா உனக்கு மரியாதை'ன்னு."

"எப்ப சொன்னாரு?"

"நான் கிளம்பின முந்தின நாள் ராத்திரி."

"குட்டி, அந்த வாரம் நான் வீட்டுலயே இல்ல. எங்கப்பாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில இருந்தேன். நான் திரும்பி வந்தப்ப நீ இல்ல."

"தெரியும். போன்ல சொல்லி அனுப்பினீங்கன்னு சொன்னாரு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. மருமகள் திண்டில் உட்கார்ந்தாள். தான் சொல்லாத ஒரு வார்த்தை தன் பேரில் இந்தப் பெண்ணிடம் போய், இவள் வாழ்க்கையைத் தெருவில் இழுத்துப் போட்டிருக்கிறது. அதே வார்த்தை வீட்டுக்குள்ளே சுற்றி வந்து தன் தலையில் விழுந்திருக்கிறது. நடுவில் ஒருவன் சுத்தமாக நின்றிருக்கிறான்.

மற்றதைக் குட்டி கோபமும் அழுகையுமாகச் சொன்னாள். பெண்கள் விடுதியில் இருந்ததையும், சின்னச் சின்ன வேலையாக மாறி மாறிப் போனதையும் சொன்னாள். அண்ணன்தான் எப்படியோ தேடிப் பிடித்து, இங்கே பில் எழுதுகிற வேலை வாங்கிக் கொடுத்தான். யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமாக அண்ணிக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். ஆரம்பத்தில் தினமும் கடையில் இரண்டு காப்பி வாங்குவான். கட்டுப்படியாகவில்லை என்று அப்புறம் பிளாஸ்க்.

மருமகளுக்கு இப்போதுதான் அந்தப் பிளாஸ்க்கின் அளவு புரிந்தது. அப்படியென்றால் மாடி அறையும் பொய்.

"என்மேல அவ்வளவு கோபம் வச்சுக்கிட்டு என் காப்பியை எப்படிக் குடிச்ச?" என்று கேட்டாள். குத்திக்காட்டத்தான் கேட்டாள்.

குட்டி அவளை விநோதமாகப் பார்த்தாள். "உங்க காப்பியா? அண்ணன் போடுறதில்லையா? உனக்காகக் காலைல எழுந்து நானே போடுறேன்னு சொல்லுவாரே. அவர் பொழுது விடியுறதுக்கு முன்னாடி எழுந்து போடுறாரேன்னுதான் நான் கழுவியாவது கொடுப்போம்னு கழுவினேன்."

இந்த இடத்தில் எனக்கே கோபம் வருகிறது. எழுதுகிறவள் நிதானமாக இருக்க வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை. தன் வாயில் வந்த விஷத்தைப் பெண்டாட்டி பேரில் கொடுத்தவன், பெண்டாட்டி கையால் போட்ட காப்பியைத் தன் பேரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். கெட்டதெல்லாம் அவளுடையது, நல்லதெல்லாம் இவனுடையது. இதை விடச் சிக்கனமாக ஒருவன் நல்லவனாக முடியுமா என்ன?

அவன் அப்போது காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, லாரிக்குப் பின்னாலிருந்து வந்தான். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தான். ஒரு அடி பின்னால் வைத்தான். ஓடிவிடலாமா என்று யோசித்த கால் அது.

"இங்க ஆளுங்க இருக்காங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றான்.

"வீட்டுலதான் பேசணும்" என்றாள் மருமகள். குழாயை மூடினாள். "வா குட்டி."

குட்டி தயங்கினாள். அம்மா என்ன சொல்வாளோ என்றாள். மருமகள் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையை வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை.

மாமியார் கதவைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். அதிர்ச்சியில் மயங்கி விழுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சின்ன வயசிலிருந்தே குட்டி எலுமிச்சைத் தோல் போட்டுத்தான் பாத்திரம் தேய்ப்பாள்; காலையில் அதை முகர்ந்தபோதே கிழவிக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தொட்டாள், முடியைத் தொட்டாள், ஏன் வெட்டினாய் என்று கேட்டாள். அப்புறம்தான் அழுதாள். அம்மாவும் பெண்ணும் கட்டிலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் அவர்களுக்குச் சோறு போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் வரைக்கும் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை நாமாகச் சொல்லக் கூடாது, சொன்னவன் வாயாலேயே வர வேண்டும் என்று குட்டியிடமும் சொல்லி வைத்தாள்.

மகன் வழக்கமான நேரத்துக்கே வந்தான். வேறு எங்கே போவான்? உள்ளே காலை வைத்ததும் மருமகள் எழுந்து எதிரில் நின்றாள். ஷூவைக் கூடக் கழற்ற விடவில்லை.

"குட்டியைப் போகச் சொன்னது யாரு? அத்தை முன்னாடி சொல்லுங்க."

அவன் சுற்றி வளைத்தான். அப்போதைய சூழ்நிலை அப்படி என்றான். இரண்டே அறை, புதுசாகக் கல்யாணம், ஒருத்தன் சம்பளம் என்றான். எல்லாருடைய நல்லதுக்கும்தான் என்றான். அப்புறம் தானேதான் தேடிப் போய் வேலை வாங்கிக் கொடுத்ததையும் மறக்காமல் சொன்னான். மருமகள் குறுக்கே பேசவில்லை. அவன் முடித்ததும் அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்டாள்.

"நான்தான்" என்றான். தரையைப் பார்த்துச் சொன்னான்.

மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். மூன்று வருஷமாக அவள் காத்திருந்த நிமிஷம் இது. கிழவி இப்போது மகனைத் திட்ட வேண்டும். தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை, தப்பாக நினைத்துவிட்டேனே அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது போதும் அவளுக்கு. மாடி அறை கூட வேண்டாம்.

மாமியார் மகளின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் அத்தை?"

"அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. அவன் பேசினது சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. உன் பேரைச் சொன்னதும் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா என்னைச் சொன்னீங்க?"

"அவனைச் சொன்னா, என்னையும் போன்னு சொல்லிட்டா நான் எங்கம்மா போவேன்? வீடு என் பேர்ல இருந்து என்ன, சோறு அவன் கையில. உன்னைச் சொன்னா நீ அழுவ. அழுதுட்டு மறுநாள் காலைல எனக்குக் காப்பி கொண்டுவந்து வைப்ப."

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் வஞ்சகம் இல்லை. கிழவி உள்ளதைச் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம். இந்த வீட்டில் யார் மேல் பழியைப் போட்டால் செலவில்லை என்று அம்மாவும் பிள்ளையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். விடை இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வந்திருக்கிறது.

குட்டி எழுந்துவிட்டாள். அண்ணியின் கையைப் பிடித்தாள். "அண்ணி, வாங்க. இந்த வீட்டுல நீங்க இருக்க வேண்டாம். விடுதியில என் ரூம்ல இடம் இருக்கு" என்றாள்.

மருமகள் அசையவில்லை. அழவும் இல்லை. அழுகிற கட்டத்தை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

"நான் ஏன் போகணும்?" என்றாள். "செய்யாத காரியத்துக்கு மூணு வருஷம் பேர் வாங்கிட்டேன். சும்மா வாங்கின பேர் எனக்கு வேண்டாம், இன்னைக்குச் செஞ்சே வாங்கிக்கறேன்." கணவனைப் பார்த்தாள். "நீங்க கிளம்புங்க."

அவன் முதலில் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் முகம் மாறவில்லை என்றதும் அவன் சிரிப்புப் போய்க் குரல் ஏறியது. இது தன் அம்மா வீடு என்றான். நேற்று வந்தவள் தன்னை வெளியே போகச் சொல்கிறாளா என்றான். தங்கச்சிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் தான், வீட்டை நடத்துவதும் தான் என்றான்.

"அம்மா, நீயே சொல்லு இவளுக்கு" என்றான்.

சொல்லிவிட்டு, இனிமேல் பேச என்ன இருக்கிறது என்பது போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அம்மா எந்தப் பக்கம் பேசுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருஷமாக அவள் ஒரே பக்கம்தான் பேசியிருக்கிறாள். குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

மாமியார் மகளைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. அந்தப் பயத்தோடுதான் அவள் பேசினாள்.

"ஷூவைக் கழட்டாத."